இரண்டு ஆணி, ஒரு நூல்

காரை தட்டும்போது வெளிவந்தது.
நாலு விரல் கனத்துச் சுண்ணாம்பு உதிர்ந்ததும்
வாசலுக்குள் வேறொரு வாசல்:
காலடியில் ஒடுங்கி, இடுப்பில் புடைத்து,
தலைக்கு மேல் வட்டமாய் மூடும் வளைவு.
செங்கல் ஒன்று, வெள்ளைக்கல் ஒன்று,
மறுபடி செங்கல்.

சாரத்தில் நின்ற கிளீட்டஸ் கூப்பிட்டான்:
"மேடம், ஒரு லாடம்."

நான் நாகர்கோவிலில் இருந்து பஸ்ஸில் வந்து போகிற
வரைபடக்காரி. குளச்சலில் இறங்கி
கடலோரமாய் மேற்கே இன்னொரு பஸ்.
கோயில் சந்தியாகப்பருக்கு.
வெள்ளைக் குதிரை, ஓங்கிய வாள்,
குளம்புக்கு அடியில் தலைப்பாகையோடு ஒருவன்
மல்லாந்து கிடப்பான்.
அவன் யாரென்று பூசைக்கு உதவும் பையன்களிடம் கேட்டேன்.
"பேய்" என்றான் ஒருவன்.
"இல்லவே, சும்மா விழுந்தவன்" என்றான் மற்றவன்.

ஞாயிறு இரண்டாம் பூசை முடிந்து கமிட்டி கூடியது.
தலைவர் ததேயு வளைவை நிமிர்ந்து பார்க்கவில்லை,
என் செல்போனில் இருந்த அதன் படத்தைப் பார்த்தார்.
"இது பள்ளிவாசல்லா?"

பின்னால் டீயோடு நின்ற
சென்டரிங் மேஸ்திரி அசன் கண்ணு சொன்னார்:
"எங்க ஊர்ப் பழைய பள்ளியில இப்படி ஒண்ணும் இல்ல சார்.
கல்தூணும் போதிகையும்தான்."
சிரித்தார்கள். அது உதவவில்லை.

நான் ஸ்பெயினைச் சொன்னேன்.
அரபிகளிடமிருந்து ஊரைப் பிடித்தவர்கள்
தேவாலயம் கட்டத்
தோற்றவனையே கூலிக்கு அழைத்த கதையை,
அந்தக் கை பழகிய வளைவு
கப்பலேறி எந்தக் கரைக்கும் வந்திருக்கலாம் என்பதை.
ததேயு பொறுமையாகக் கேட்டார்.
"அது அந்த ஊர்க் கமிட்டிக்க தீருமானம்."

மீன்கூடையைச் சுவரோரம் இறக்கி வைத்திருந்த
பிரிஜித்தாள் எழுந்தாள்.
"சந்தியாகப்பருக்க குதிரைக்க லாடம்தானே அது?
அதையும் பிடுங்கப் போறியளா?"

பதினொன்றுக்கு ஏழு.
பிரிஜித்தாளின் கையையும் சேர்த்து ஏழு.
'கிறிஸ்தவ முறைப்படி கூர்வளைவு அமைக்கப்படும்'
என்று எழுதிக் கையெழுத்து வாங்கினார்கள்.

அன்றிரவு கூர்வளைவை வரைந்தேன்.
இரண்டு மையம். ஒன்றையொன்று வெட்டும் இரண்டு வட்டம்.
வெட்டும் இடத்துக்கு மேலே அழித்துவிட்டால்
மிஞ்சுவது கூர்.
இதுவும் பாலைநிலத்துத் தொழுகைக்கூடங்களில்
முன்பே நின்றதுதான்,
சிசிலித் தீவு வழியாக,
எலுமிச்சையும் சர்க்கரையும் போன வழியில்
வடக்கே போனதுதான் என்பார்கள்.
சொல்லவில்லை.
சொல்லியிருந்தால்
தட்டையாக ஒரு கான்கிரீட் பீம் கேட்டிருப்பார்கள்.

பழையதை இடிக்கச் செலவு அதிகம்.
எனவே லாடத்தை உள்ளே விட்டு
அதற்கு முன்னால் புதுச் சுவர்.

அசன் கண்ணு தரையில் பலகையைப் போட்டு,
இரண்டு ஆணி அடித்து, நூலைக் கட்டினார்.
பாதி வட்டம் இழுத்தவர் நிறுத்தினார்.
"அளவு அப்படியே இருக்கு மேடம்.
போன மாசம் எங்க ஊர்ப் புதுப் பள்ளிக்குப் போட்ட
அச்சு குடோன்ல சும்மா கிடக்கு.
கொண்டு வரட்டா?
பலகைக் காசு மிச்சம்."

கணக்குப் புத்தகத்தைப் பார்த்தேன்.
கடலைப் பார்த்தேன்.
"கொண்டு வாங்க."

சாயங்காலம் மினி லாரியில் வந்தது.
ஓரத்தில் கொஞ்சம் பச்சைப் பெயின்ட்.
ததேயு உள்ளங்கையால் தட்டிப் பார்த்து,
விலகி நின்று, தலையைச் சாய்த்து,
"இதுல்லா கோயில் வாசல்" என்றார்.
அசன் கண்ணு ஆணியை வாயில் கவ்வியிருந்தார்.

ஜூலை இருபத்தைந்து. சாரல்.
புது வளைவில் வாள்முனை தட்டாதிருக்க
சப்பரம் தூக்கியவர்கள் முழங்காலை மடக்கினார்கள்.
வாசலுக்கு நேர் கீழே ஒரு நிமிடம் நின்றது.
சந்தியாகப்பர் கடலைப் பார்த்தார்.
குதிரை கூட்டத்தைப் பார்த்தது.
குளம்புக்கு அடியில் கிடந்தவன்,
நேற்றுத்தான் புதிதாய் எழுதிய கண்களால்,
மேலே பார்த்துக்கொண்டிருந்தான்
சப்பரம் நகரும் வரை.